பன்னிரண்டாவது கோடு

செப்டம்பர் இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் வானம் மூட்டமாக இருந்தது, காற்றில் ஈரம் இருந்தது, மழை பெய்யவில்லை. நான் குடை கொண்டு சென்றேன். நான் குடை எடுத்துச் சென்ற நாளில் மழை வந்ததே இல்லை என்பது என் மனைவி நெடுநாள் கவனித்துக் கண்டறிந்த உண்மை. அன்றும் அது பொய்க்கவில்லை. மாலையில் அந்தக் குடையை மருத்துவமனையிலேயே மறந்துவிட்டு வந்தேன். அதுவும் அவள் எதிர்பார்த்ததே.

நடந்தவற்றை என் கையெழுத்தில், வரிசையாக, ஏழு நாள்களுக்குள் எழுதித் தருமாறு விசாரணைக் குழுவினர் கேட்டிருக்கிறீர்கள். நாளும் வானிலையும் குறித்துத் தொடங்குவது முறை என்று கருதுகிறேன். குடையைப் பற்றிப் பின்னர் ஓரிடத்தில் எழுத வேண்டியிருப்பதால் அதையும் இங்கேயே குறிப்பிட்டுவிட்டேன்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு கடைத்தெருவில், மருந்துக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே, பதினோரு அடி அகலமுள்ள அறையில் அமர்ந்து சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதி வந்தேன். பிறகு ஒரு நாள், வலி மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெறுவதென முடிவு செய்து நுழைவுத் தேர்வு எழுதினேன். இரண்டாம் முறையில் தேறினேன். புதிய வெள்ளை அங்கி தைத்துக்கொண்டேன். அதை அணிந்து கண்ணாடி முன் நின்று, வலிக்குரிய வரையறையை ஏற்ற இறக்கத்துடன் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி அறைக்குள் வந்துவிட்டாள். அவள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சிறிது நேரம் நின்று கேட்டுவிட்டு, "நல்லாத்தான் ஒப்பிக்கிறீங்க. ஆனா கண்ணாடில இருக்கிறவரு உங்களை நம்பின மாதிரி தெரியலையே" என்றாள்.

என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் நால்வர். அனைவரும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். முதல் வாரத்திலேயே எனக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்தார்கள். மரியாதையாகவே அழைத்தார்கள்; ஆயினும் என்னைக் கண்டதும் அவர்கள் பேச்சை நிறுத்துவதைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் ஒரு முறை படித்ததை நான் ஆறு முறை படித்தேன். பாடநூலின் பக்கங்களை நான்கு வண்ணங்களில் கோடிட்டேன். மஞ்சள் என்றால் மிக முக்கியம். ஆண்டு முடிவில் நூல் முழுவதும் மஞ்சளாக இருந்தது.

எங்கள் பேராசிரியை முதல் நாள் கற்பித்த பாடம் எளியது. நோயாளியிடம், வலி இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து, இப்போது எத்தனை என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவே.

"சொல்றது அவங்க வேலை, எழுதிக்கிறது நம்ம வேலை. நடுவுல மூக்கை நுழைக்காதீங்க" என்றார்.

நான் மூக்கை நுழைக்கவில்லை. அதன் பலனை மூன்றாம் வாரத்தில் கண்டேன். ஓர் இளைஞர் இரு கைகளாலும் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து பத்து என்றார். நான் பத்து என்று எழுதி, பத்துக்குரிய மாத்திரையை வழங்கினேன். அன்று பிற்பகல், நான்காம் மாடியிலுள்ள எங்கள் அறையின் சன்னல் வழியே பார்த்த ஒரு பெண் பயிற்சி மருத்துவர் எல்லோரையும் அழைத்தார். கீழே மைதானத்தில் அந்த இளைஞர் பந்தாடிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, சீக்கிரம் வாங்க" என்றார் அந்தப் பெண். "உங்க பத்து கோல் போட்டுட்டாரு."

நானும் சிரித்தேன். அனைவரையும்விட நீண்ட நேரம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இனி எவராலும் ஏமாற்றப்படாத மருத்துவனாக ஆவேன் என்று அந்தச் சன்னலருகில் நின்றபடியே முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளை மனிதர்கள் மலை உச்சியில் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு நான்காம் மாடிதான் வாய்த்தது.

பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து அளிக்க வேண்டும்; இல்லையேல் இறுதித் தேர்வு எழுத இயலாது. முதுகிலிருந்து காலுக்குப் பரவும் வலிக்கு ஊசி போட்டு, வாரம் ஒன்றாக நான்கு வாரங்கள் எண் எவ்வாறு இறங்குகிறது என்று பார்ப்பதே என் தலைப்பு. பன்னிரண்டு நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் கட்டத்தாளில் ஒரு கோடு. பேராசிரியை படித்துப் பார்த்து ஒப்பமிட்டார்.

அவர் ஒப்பமிட்ட தாளில் இல்லாத ஒரு பகுதியும் என் ஆய்வில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஊசியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தட்டில் இரண்டு ஊசிக்குழல்கள் இருக்கும். முதலாவதில் வெறும் உப்புநீர். ஊசிமுனை உரிய இடத்தை அடைந்துவிட்டதா என்பதை அதை மெல்ல அழுத்தித் தெரிந்துகொள்வோம். இரண்டாவதில் மருந்து. நோயாளி நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பார். செவிலியர் அவருக்கு முன்னால் நின்று, தோள்களைப் பிடித்தபடி, குனிந்து அவர் முகத்தையே பார்த்திருப்பார். முதற்குழலோடு நிறுத்திக்கொண்டு இரண்டாவதைப் பஞ்சில் பீய்ச்சிக் கூடையில் போட்டால் பார்ப்பதற்கு அங்கே எவரும் இல்லை.

என் எண்ணம் இதுவே: உப்புநீருக்கு வலி குறைந்தது என்று சொல்பவருக்கு வலி இருந்ததே இல்லை, அவரை நான் பிடித்துவிட்டேன். இந்த எண்ணம் முற்றிலும் தவறு என்றும், உண்மையான வலியும் அவ்வாறு சிறிது நேரம் குறையக்கூடும் என்றும் பாடநூலில் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த வரியை நான் மஞ்சளில் கோடிட்டிருந்தேன்.

இனி, லிஃப்ட்காரர் என்று நாங்கள் அழைத்தவரைப் பற்றி.

அவருக்கு அறுபத்தொரு வயது. மின்தூக்கிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் அவர் தொழில். பத்து மாடிகளைக் கொண்ட எங்கள் மருத்துவமனையின் இரண்டு மின்தூக்கிகளையும் பொருத்தியவர்களில் அவர் ஒருவர். செப்டம்பர் இரண்டாம் நாள் மனைவியுடன் வந்தார். இடுப்பிலும் இரு கால்களிலும் மூன்று மாதங்களாக வலி; உடல் இளைத்திருந்தது. பேராசிரியை பரிசோதித்துவிட்டு, உடனே ஓர் ஊசி போடவும், மூன்று நாள்களுக்குள் முதுகெலும்பை ஸ்கேன் எடுக்கவும் எழுதினார். ஸ்கேன் படிவத்தில் அவசரம் என்ற கட்டத்தில் தம் கையாலேயே குறியிட்டார். பிறகு மகளின் பிரசவத்துக்காக ஒரு மாத விடுப்பில் சென்றார். லிஃப்ட்காரர் என் பன்னிரண்டாவது நோயாளியானார்.

எண்ணைக் கேட்டேன். அவர் யோசித்தார்.

"ஒன்பதாவது மாடி, டாக்டர்" என்றார். "பத்துன்னா மொட்டை மாடி. அங்க போனா குதிக்கத்தான் தோணும். இன்னும் அதுக்கு வரல."

அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டு, "இவரு இப்படித்தான் டாக்டர். எங்க கல்யாணத்துலயும் இப்படித்தான் ஏதோ சொல்லி எங்கப்பாவைப் பயமுறுத்தினாரு" என்றார்.

ஒன்பது என்று எழுதினேன். ஊசி போட்டேன், அதாவது முதற்குழலை அழுத்தினேன். பின்னர் ஒரு மணி நேரம் அவரைத் திரைக்குப் பின்னாலிருந்த கட்டிலில் படுக்கவைத்தோம். முறைப்படி மீண்டும் எண்ணைக் கேட்டபோது அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நாலாவது மாடிக்கு வந்துட்டேன், டாக்டர்" என்றார்.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. அதற்கு முந்தைய பதினொருவரில் ஒருவர்கூட எனக்கு இத்தகைய இறக்கத்தைத் தரவில்லை. அவர்கள் பிடிவாதமாக ஏழு, எட்டு என்றே நான்கு வாரங்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கட்டத்தாளில் பதினொரு கோடுகள் தரையில் கிடத்திய குச்சிகளைப் போலக் கிடந்தன. இதோ, ஒன்பதிலிருந்து நான்குக்கு வெறும் தண்ணீரால் இறங்கிய ஒரு மனிதர். கடைசியில் ஒரு பொய்யரைப் பிடித்துவிட்டேன் என்று கருதினேன். அன்று மாலை அவருடைய ஸ்கேன் படிவத்தில் அவசரம் என்ற குறியை அடித்துவிட்டு, வழக்கமானது என்ற கட்டத்தில் குறியிட்டேன். வழக்கமானது என்றால் ஏழு வாரம். இல்லாத வலிக்கு அவசரம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அந்த நிறைவில்தான் குடையை மறந்தேன்.

ஒன்பதாம் நாள் வெயில் கடுமையாக இருந்தது. லிஃப்ட்காரர் என் குடையைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டிலின் அடியில் கிடந்ததாம். மூன்றாவது மாடி என்றார். ஊசி முதுகில் இருக்கும்போது அசையக் கூடாது என்பதால் அவரைப் பேச்சில் ஈடுபடுத்துவது என் வழக்கம். மின்தூக்கி நடுவழியில் நின்றுவிட்டால் அவருக்குப் பயமாக இருக்காதா என்று கேட்டேன்.

"உள்ள மாட்டிக்கிட்டவங்க கதவைத் தட்டுவாங்க, டாக்டர். திட்டுவாங்க, எங்கம்மாவையெல்லாம் இழுப்பாங்க. தட்டுற வரைக்கும் நான் நிதானமாத்தான் வேலை பார்ப்பேன். தட்டுறது நின்னுச்சுன்னாதான் ஓடுவேன்."

சுவையான செய்தி என்று நினைத்தேன். முதற்குழலை அழுத்தினேன்.

அன்று அவருடைய மனைவி என்னைத் தனியே அழைத்து, சாயங்காலமானால் அவருக்கு உடம்பு சுடுகிறது என்றும், இரவில் சட்டை நனையுமளவுக்கு வியர்க்கிறது என்றும் சொன்னார். இவ்விடத்தில் குழுவினர் சிரிக்க அனுமதி உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகள் காய்ச்சலைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன் நான். சலவைக் கடைப் பக்கத்து அறையில் இருந்திருந்தால், உடல் இளைத்த ஒருவருக்கு மாலைக் காய்ச்சல் என்று கேட்டதும் என் கை தானாகவே காசநோய்ப் பரிசோதனை என்று எழுதியிருக்கும். ஆனால் நான் இப்போது சிறப்பு மருத்துவன். காய்ச்சல் எங்கள் துறையைச் சேர்ந்ததன்று என்று அந்த அம்மையாரிடம் விளக்கினேன். வெளிநோயாளர் பிரிவு தரைத்தளத்தில் இருக்கிறது என்று வழியும் காட்டினேன்.

பதினாறாம் நாள். காற்று பலமாக வீசியது. லிஃப்ட்காரர் சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தார்; இடது காலின் நுனி தரையில் உரசியது. எண்ணைக் கேட்டேன். இரண்டாவது மாடி என்றார். சொல்லும்போது அவர் மேலுதட்டில் வியர்வை இருந்தது.

எங்கள் தலைமைச் செவிலியரை எல்லோரும் அக்கா என்று அழைப்போம். என்னைவிட மூன்று வயது இளையவராயினும் நானும் அவ்வாறே அழைப்பேன். அவர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்றார்.

"அந்த ஆளு ரெண்டுன்னு சொல்றாரு, நீங்களும் எழுதிக்கிறீங்க" என்றார். "திரைக்குப் பின்னாடி துண்டைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு. போய்ப் பாத்தீங்களா?"

சொல்வது அவர்கள் வேலை, எழுதிக்கொள்வது நம் வேலை என்று பேராசிரியையின் பாடத்தை அக்காவுக்கு நினைவூட்டினேன்.

"பாடத்தை எல்லாம் நல்லாத்தான் வெச்சிருக்கீங்க, டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் திரையை விலக்கிப் பார்த்தேன். துண்டின் ஓரத்தில் பல் பதிந்திருந்தது. சுத்தியலை எடுத்து அவர் முழங்காலுக்குக் கீழே மெல்லத் தட்டினேன். கால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மோதுமளவுக்குத் துள்ளியது. தண்டுவடத்தை ஏதோ ஒன்று நெரிக்கும்போது கால் அவ்வாறு துள்ளும். அது பாடநூலின் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், படத்துடன், இருக்கிறது. ஆறு முறை படித்த பக்கம். அதன் கீழே, இது ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாத நிலை என்று எழுதியிருக்கிறது. அதுவும் மஞ்சள்.

இதுவரை நான் எழுதியவற்றை அறியாமை என்று குழுவினர் கருத இடமுண்டு. அவ்வாறு கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முழங்காலைத் தட்டிய அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வலி உண்மை, எண் பொய், பொய்யராயினும் அவர் நான் நினைத்த திசையில் பொய் சொல்பவர் அல்லர். எதற்காக இந்த மனிதர் ஒன்பதை இரண்டு என்கிறார் என்பது மட்டுமே விளங்கவில்லை. பரிசோதனைத் தாளில் முழங்காலுக்குரிய இடத்தில் இயல்பு என்று எழுதினேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அது மிகச் சிறியது. நான்காவது ஊசி மீதமிருந்தது. மூன்றோடு நிறுத்தினால் கோடு முழுமை பெறாது. பதினொரு பேர் இருந்தால் ஆய்வு ஏற்கப்படாது. புதிதாக ஒருவரைத் தொடங்க நாள் போதாது. மேலும், ஸ்கேனில் நோய் தெரிந்தால், எண்ணை இவ்வளவு இறக்கிய ஊசியில் என்ன இருந்தது என்ற கேள்வி எழும். ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். மூன்றாவது ஊசியையும் முறைப்படி போட்டேன்.

புறப்படும்போது அவர் கதவருகில் நின்று, "அந்தக் குடையைக் கொஞ்சம் குடுங்க, டாக்டர். மழைக்கில்ல, ஊன்றிக்க" என்றார். கொடுத்தேன். அதற்காக அவர் இருமுறை நன்றி சொன்னார். ஒரு நோயாளிக்கு என் சொந்தப் பொருளைக் கொடுத்து உதவினேன் என்று வீட்டில் மனைவியிடமும் சொன்னதாக நினைவு.

இருபத்துமூன்றாம் நாள், மேகமற்ற வானம். குடையை ஒரு கையிலும் மனைவியின் தோளை ஒரு கையிலும் பற்றி வந்தார். ஒன்றாவது மாடி என்றார். அவரை அமரவைக்க இருவர் தேவைப்பட்டார்கள். நான்காவது ஊசியைப் போட்டேன். அது என் ஆய்வின் நாற்பத்தெட்டு ஊசிகளுள் மிகச் சிறந்தது என்றுகூடச் சொல்வேன். இரண்டாவது குழலைப் பஞ்சில் பீய்ச்சியபோது அக்கா நிமிர்ந்துவிட்டார். கூடையைப் பார்த்தார்.

"பஞ்சு எதுக்கு இப்படி நனைஞ்சிருக்கு?" என்றார்.

கை தவறிவிட்டது என்றேன். அவர் அந்தப் பஞ்சை எடுத்துப் பையிலிட்டு நாளைக் குறித்தார். அந்தப் பை இப்போது உங்களிடம் இருக்கும்.

முப்பதாம் நாள் காலையில் தூறல் இருந்தது. என்னிடம் குடை இல்லை. பதினொன்றரை மணிக்கு லிஃப்ட்காரரை அவருடைய மனைவி சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். என் குடை அவர் மடியின் குறுக்கே இருந்தது. இரண்டு நாளாகக் கால்கள் அசையவில்லை. சிறுநீர் போவதும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைதான் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாகக் காத்திருந்தாராம்.

அந்த அம்மையார் அழவில்லை. நாற்காலியின் கைப்பிடியை விடாமல் பேசினார்.

"முத நாளு ஊசி போட்டுட்டு உள்ள படுத்திருந்தாரில்ல, அப்ப அந்தச் சின்ன டாக்டருங்க பேசிக்கிட்டாங்களாம். பெரியப்பாவோட கோடு ஒண்ணுகூட இறங்கல, இந்த லிஃப்ட்காரராவது இறங்கினாத்தான் அவரு பரீட்சைக்கே போக முடியும்னு. வீட்டுக்கு வந்து சொல்றாரு, பாவம் இந்த வயசுல படிக்கிறாரு மனுஷன், என்னால அவருக்குக் கெட்டுப் போக வேண்டாம், வலிதானே, நான் தாங்கிக்கிறேன்னு. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

"நீ சும்மா இரு" என்றார் லிஃப்ட்காரர். "டாக்டர் மனசு கஷ்டப்படும்."

அக்கா அதற்குள் தொலைபேசியில் அறுவை மருத்துவரை அழைத்துக்கொண்டிருந்தார். முதுகெலும்பில் காசநோய் என்றும், பதினாறாம் நாள் அனுப்பியிருந்தால் மாத்திரையும் ஒரு சிறிய அறுவையும் போதுமாக இருந்திருக்கும் என்றும், இனி அந்தக் கால்கள் நடக்கப்போவதில்லை என்றும் அந்த மருத்துவர் மாலையில் சொன்னார். அவற்றை அவருடைய அறிக்கையில் காண்க.

குழுவினர் ஒருவரைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். மற்ற பதினொருவருக்கும் நான் போட்டது உப்புநீரே என்பதையும், ஏழு என்றும் எட்டு என்றும் அவர்கள் நாற்பத்து நான்கு முறை சொன்னது உண்மையே என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். ஏமாற்றுபவர் எவரும் அவர்களுள் இல்லை. ஒருவரையும் பிடிக்க முடியாத பொறியை வைத்துவிட்டு, ஓராண்டு அதன் அருகிலேயே அமர்ந்திருந்திருக்கிறேன். கண்ணாடியில் இருந்தவர் என்னை நம்பாததில் வியப்பில்லை.

ஆயினும் அந்தச் செவ்வாய்க்கிழமையை முறைப்படி முடிக்க வேண்டும். நான் அவர் முன் குனிந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பூஜ்யம் முதல் பத்து வரை, இப்போது எத்தனை?

அவர் இம்முறை என் முகத்தைப் பார்க்கவில்லை. தம் கால்களைப் பார்த்தார்.

"இந்தத் தடவை நெசமாவே தரைதான், டாக்டர்" என்றார். "ஒண்ணுமே இல்ல. தட்டுறது நின்னுடுச்சு."

அக்கா என்னை அழைப்பது கேட்டது. நான் மேசைக்குச் சென்று கட்டத்தாளை எடுத்து, அளவுகோல் வைத்து, ஒன்றிலிருந்து கீழே கடைசிப் புள்ளிக்குக் கோடு இழுத்தேன். பன்னிரண்டு பேரில் பூஜ்யத்தை அடைந்தவர் இவர் ஒருவரே. சிகிச்சை பலன் தந்தது என்று எழுதி, ஒப்பமிட்டு, நேரத்தைக் குறித்தேன்: முற்பகல் பதினொன்று நாற்பத்திரண்டு.